தம்பிக்காக அடித்த நான்கு விண்ணப்பங்கள்

மலாயாவின் அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வெளியே போக ஒரே வாசல். சிரம்பானில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த நான், தினமும் அங்கே பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது, காட்டில் ஒளிந்து அரசோடு சண்டையிடும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம். அதனால் மதியத்துக்கு ஆபீசுக்குப் பக்கத்தில் லோபாக்கில் ஒரு கடையில் ரொட்டியும் தேநீரும்தான்.

தம்பி அப்போது பள்ளியிறுதித் தேர்வு எழுதி முடித்திருந்தான். அப்பா தோட்டத்து ரப்பர் பேக்டரியில் இஞ்சின் ஓட்டுபவர். இஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் வீட்டில் இருந்தபடியே கோளாறு என்னவென்று தம்பி சொல்லிவிடுவான். இஞ்சினியர் ஆவதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பிரிட்டனில் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயரை எழுதி, டைப் அடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான்.

"ரெண்டுலயும் இல்லேன்னுட்டா?" என்றேன்.

"கிடைக்கும்லா, அக்கா."

"கிடைக்கலேன்னா?"

நான் வக்கீலிடம் விசாரித்து, மதராஸில் ஒரு பொறியியல் கல்லூரிக்கும் கோலாலம்பூர் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் விண்ணப்ப பாரம் வரவழைத்தேன். எட்டாத உயரத்தில் இரண்டு, முயன்றால் கிடைக்கக்கூடியது ஒன்று, அநேகமாகக் கிடைத்துவிடும் என்பது ஒன்று. கோலாலம்பூர் பெயரைப் பார்த்ததும் தம்பி முகத்தைச் சுளித்தான். ரோடு போடுகிறவர்களுக்கான படிப்பு என்பது அவன் எண்ணம்.

அந்தக் கல்லூரிதான் சொந்தக் கையால் வரைந்த படம் ஒன்று கேட்டது. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியையும் பம்ப் கொட்டகையையும் ஒரு வாரம் அளந்து வரைந்தான். அதைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு நான் வாசலுக்குப் போனேன்.

பெண்களைச் சோதிப்பவள் படத்தை விரித்தாள். உடனே கான்ஸ்டபிளைக் கூப்பிட்டாள். தொட்டி, குழாய், வேலிக்கும் கொட்டகைக்கும் இடையே எத்தனை அடி என்பதுவரை அதில் இருந்தது. காட்டில் இருப்பவர்கள் தாக்க வருவதற்கு இந்தப் படமே போதும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பஸ் போய்விட்டது. தம்பியை அழைத்து வந்தார்கள். அப்பா எண்ணெய்க் கையோடு பேக்டரியிலிருந்து ஓடி வந்தார். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆட்களைப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியிருக்கிறார்கள்.

ஸ்டேஷனிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் தமிழர். "யாருக்குடா வரைஞ்சே?" என்று தம்பியைக் கேட்டார்.

நான் கல்லூரி பாரத்தை நீட்டினேன். அவர் அதை நிதானமாக இரண்டு முறை படித்தார். பிறகு படத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். ஆனா இது வெளிய போகாது. வேற ஏதாச்சும் வரையச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் தம்பி கோலாலம்பூர் பாரத்தைக் கிழிக்கப் போனான். "மத்த மூணும் படம் கேக்கல. இது ஒண்ணு இல்லாட்டி என்னா?"

"கிழி. மத்த மூணையும் நான் டைப் அடிக்க மாட்டேன்" என்றேன். அவனிடம் அவ்வளவு கோபமாக நான் பேசியதே இல்லை. அவன் எழுந்து அம்மாவின் தையல் மெஷினைக் கழற்றத் தொடங்கினான். அம்மா திட்டத் திட்ட, சக்கரம் முதல் ஊசி வரை ஒவ்வொரு பாகமாக வரைந்தான்.

நான்கு உறைகளையும் நானே தபாலில் சேர்த்தேன். பிரிட்டனிலிருந்து ஒரு கடிதம், இன்னும் மேலே ஒரு தேர்வு எழுதிவிட்டு வரச் சொன்னது. இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து பதிலே வரவில்லை. கோலாலம்பூரில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். தையல் மெஷினில் நூல் அறுவது ஏன் என்று கேட்டார்களாம், அரைமணி நேரம் பேசினேன் என்றான். இடம் கிடைத்தது.

அவன் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, மதராஸிலும் இடம் என்று கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனேன். அப்பாவுக்கு அவன் மதராஸுக்குப் போனால் நல்லது என்றுதான் ஆசை. காற்சட்டையெல்லாம் செம்மண்ணாக, நில அளவைப் பாடம் முடிந்து வந்தான். கடிதத்தை நின்றபடியே படித்தான்.

"வரலேன்னு எழுதிடு, அக்கா. அடுத்த வாரம் எங்கள உண்மையான பாலத்துக்கே கூட்டிட்டுப் போறாங்க."

மறுநாள் ஆபீசில் அந்தப் பதிலையும் நான்தான் டைப் அடித்தேன்.