நான் எழுதாத பெயர்

அமிர்தத்தை ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரியும். மருங்காபுரிக்காரி. வானம் பார்த்த பூமியில் பிறந்தவள், கணக்கில் வகுப்புக்கே முதல். பத்தாவதை முடித்து டீச்சர் ட்ரெயினிங் போய்விட வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் படிப்பை நிறுத்தப் பார்ப்பார்கள். ஒவ்வொரு லீவிலும் அப்பாவோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் திருச்சி ஹாஸ்டலுக்குத் திரும்பி வருவாள். நான் வையம்பட்டி இருதயமேரி. பங்குச் சாமியார் சிபாரிசில் அதே ஹாஸ்டலில் இலவசமாக இடம் கிடைத்தவள்.

அங்கே 'தனி சிநேகம்' கூடாது. எல்லாரோடும் ஒரே மாதிரி பழக வேண்டும். இரண்டு பேர் மட்டும் சேர்ந்து எங்கும் போகக் கூடாது, மூன்றாவதாக ஒருத்தி வேண்டும். நாங்கள் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று வார்டன் சிஸ்டர் ஒரு நாள் மாதா கெபி முன்னால் முட்டி போட வைத்தார். அமிர்தம் சிரித்தாள். நானோ, இன்னொரு தரம் மாட்டினால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பயந்தேன்.

1979 நவம்பர். நாங்கள் பத்தாவது. ஸ்ரீரங்கத்திலிருந்து வேதவல்லி அக்கா ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து வந்தார். காலேஜில் படிக்கிறவர். எங்கள் வயசுப் பெண்களின் நட்பைப் பற்றி ஆராய்ச்சியாம். நட்பில் ஆராய என்ன இருக்கிறது என்று எங்களுக்கு ஒரே சிரிப்பு. ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

"கிளாஸ்ல உங்க மனசுக்கு ரொம்ப நெருக்கமான மூணு பேரோட பேரை எழுதுங்கோ. என்னைத் தவிர யாரும் பாக்கப் போறதில்லே" என்றார்.

வாசலில் வார்டன் சிஸ்டர் நின்றிருந்தார். அவ்வளவுதான், என் புத்தி புல் மேயப் போய்விட்டது. தாள் எப்படியும் சிஸ்டர் கைக்குத்தான் போகும் என்று நானே முடிவு கட்டி, அவருக்குப் பிடித்த மூன்று பெண்களின் பெயரை எழுதினேன். அதில் ஒருத்தியோடு நான் முகம் கொடுத்துப் பேசியதுகூட இல்லை. சிஸ்டர் தாள்களைத் தொடவே இல்லை. அக்கா எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். ஒருத்தி பெயரை ஒருத்தி எழுதியிருந்த ஜோடிகளை மட்டும் பேட்டிக்குக் கூப்பிடுவாராம். அமிர்தம் தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு, எனக்கும் ரிப்பன் கட்டிவிட்டாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? நம்மளத்தான் முதல்ல கூப்பிடுவாங்க, பாரேன்."

ஏழு ஜோடி போய்வந்தது. அக்கா பையை மூடினார். அமிர்தம் என் பெயரை எழுதியிருந்தாள். நான் அவள் பெயரை எழுதவில்லை என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பச்சைப் பொய். எனக்கும் வாய் இருந்ததே!

கிறிஸ்துமஸ் லீவுக்குப் போனவள் ஜனவரியில் திரும்பவில்லை. நான் லெட்டர் போட்டேன். ஹாஸ்டலில் லெட்டரை ஒட்டாமல் கொடுக்க வேண்டும், சிஸ்டர் படித்த பிறகுதான் தபாலில் சேரும். அதனால் அந்தத் தாளைப் பற்றி மூச்சு விடவில்லை. நலம், நலமறிய ஆவல், மாடல் பரீட்சை எப்போது, கிறிஸ்துமஸ் குடிலை இன்னும் பிரிக்கவில்லை, இவ்வளவுதான் எழுதினேன். பதில் இல்லை. தை பிறந்ததும் உள்ளூர் மாமன் மகனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

துவாக்குடியில் டீச்சர் வேலை கிடைத்து, 1986 மே மாதம்தான் மருங்காபுரிக்குப் போனேன். அதுவரை போகாததற்கும் பயம்தான் காரணம், வேறென்ன. இரண்டு பிள்ளைகள் காலைச் சுற்ற, வாசலில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை. சிஸ்டருக்குப் பயந்து செய்ததை எல்லாம் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன்.

கையிலிருந்த கடலையை உடைத்து முறத்தில் போட்டாள்.

"அந்த லீவுல அப்பா கேட்டாங்க, 'அங்கே உனக்குத் துணைக்கு யாரு இருக்கா'ன்னு. எப்பவும் கேக்குறதுதான். 'மேரி இருக்கா'ன்னு படக்குன்னு சொல்லுவேன், ஹாஸ்டலுக்கு அனுப்பிருவாங்க. அந்தத் தடவை வாய் வரலடி. பேசாம நின்னேன்."

"அமிர்தம்..."

"அப்பவும் ஒரு வாரம் பொறுத்தாங்க. உன் லெட்டர் வந்துச்சு. 'வந்துரு'ன்னு எங்கேயாச்சும் எழுதியிருப்பியோன்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். அப்பா படிக்கச் சொன்னாங்க. குடிலைப் பத்தி எழுதியிருந்தியே, அது வரைக்கும் படிச்சேன். 'அப்புறம்?'னு கேட்டாங்க. 'அவ்வளவுதாம்ப்பா'ன்னேன்."