மச்சானுக்குக் கடைந்த கால்

இரண்டாம் உலக யுத்தம் நடந்த அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது களைப்புத்தான். பயம் வந்து போகும். களைப்பு போகவே இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். முன்பு நாலு மணிக்கு முடிந்த வேலை, கப்பல்கள் கூடக்கூட ஆறு மணியாகி, ஏழு மணியாகி, ஞாயிற்றுக்கிழமையையும் விழுங்கிவிட்டது. பயத்தில் பாதிச் சனம் ஊரைவிட்டுப் போயிருந்ததால், மிஞ்சியவர்கள் இரண்டு பேரின் வேலையைச் செய்தோம். இரண்டு கிழமைக்கு ஒரு நாள் லீவு கிடைத்தால் பெரிய காரியம்.

எனக்கென்று இருந்த ஒரே சுகம் வீட்டுக்குப் பின்னால், குசினியை ஒட்டித் தென்னங்கிடுகால் சாய்த்து இறக்கியிருந்த பத்தி. அதற்குள் நானே செய்த ஒரு கடைசல் யந்திரம் இருந்தது. பழைய தையல் மெஷின் ஒன்றின் கால்மிதியும் சக்கரமும், மேலே இரண்டு மரக்கட்டை, நடுவில் சுழலும் ஒரு இரும்பு அச்சு. அவ்வளவுதான். காலால் மிதித்தால் மரம் சுழலும். உளியை வைத்தால் சீவல் சுருள் சுருளாக விழும். கதிரைக் கால், மத்து, உப்புச்சிமிழ் என்று ஏதாவது கடைவேன். யாருக்கும் விற்றதில்லை. வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் ஒரு மணித்தியாலம் அங்கே நின்றால், மீதி நாளைத் தாங்கலாம் போல இருக்கும். இரவில் வேலை செய்ய முடியாது. வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று கட்டளை.

சித்திரை வருடப் பிறப்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு காலையில் ஜப்பான் விமானங்கள் வந்தன. என் மனைவியின் அண்ணன் அப்போது சீனன்குடா விமானத் தளத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். இடிந்து விழுந்த சுவர் ஒன்று அவருடைய வலது காலை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வெட்டி எடுத்தார்கள். புண் ஆற மூன்று மாதம் சென்றது. பிறகு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அவருடைய மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் சம்பூரில் இருந்தார்கள். அங்கே கொண்டுபோய் விடட்டுமா என்று நான் பல தடவை கேட்டேன். மச்சான் சம்மதிக்கவில்லை.

"நான் என்ன நெல்லு மூட்டையே, தோளில கொண்டுபோய் இறக்க? நடந்து போவன். இல்லாட்டிப் போகமாட்டன்."

அவரைப் பார்க்க அவருடைய மனைவி படகேறி வந்த இரண்டு தடவையும், கதவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்றாம் தடவை அவள் வரவில்லை.

கொழும்பிலிருந்து பொய்க்கால் எடுப்பிக்கலாமா என்று விசாரித்தேன். யுத்தம் முடியட்டும், இப்போது ரயிலில் மருந்துக்கே இடமில்லை என்றார்கள்.

மச்சானுக்கு வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காது. காலையில் ஊன்றுகோல்களோடு தத்தித் தத்திப் பின்பக்கம் வந்து, என் பத்தியின் வாசலில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சுருட்டுக் குடிப்பார். நான் மிதிப்பதையும் கடைவதையும் பார்ப்பார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லமாட்டார். என்னுடைய ஒரு மணித்தியாலம் அப்படிப் போயிற்று.

ஒருநாள் என் மனைவி பஜிரி என்ற கம்பு மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள். அரிசி கூப்பனுக்கு மட்டும் கிடைத்த காலம் அது. பஜிரி தின்று எல்லோருக்கும் வயிறு கெட்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, கதிரைக்கெல்லாம் கால் கடையிறீங்கள். அண்ணைக்கு ஒண்டு கடைய ஏலாதே?"

"கதிரைக் காலும் மனிசன்ர காலும் ஒண்டே?"

"எனக்குத் தெரியாது. ஆனா அவர் இப்பிடியே இருந்தால் விசர் பிடிச்சிடும். அவருக்கோ எனக்கோ எண்டுதான் தெரியேல்லை."

நான் ஒப்புக்கொண்டேன். இரக்கத்தால் என்று சொல்ல எனக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல. அந்த வாசல் எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

முதல் பொய்க்காலை முதிரை மரத்தில் கடைந்தேன். நான் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த கட்டை அது. மேலே குவளைபோல ஒரு குழி, அதற்குள் அவருடைய காலின் மிச்சம் இருக்கும். கீழே வரவரச் சிறுத்து ஒரு தடி. மூன்று கிழமை வேலை. மெழுகு போட்டுத் தேய்த்ததும் தேன் நிறத்தில் மினுங்கியது. மச்சான் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"இதைக் கட்டிக்கொண்டு வள்ளத்தில ஏறினால் நங்கூரம் தேவையில்லை மச்சான்."

அவர் சொன்னது சரிதான். அதைக் கட்டி எழுந்து நின்றார். இரண்டு எட்டுக்கு மேல் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை.

இரண்டாவது காலை வேம்பில் செய்தேன். குண்டு விழுந்து சரிந்த மரம். நன்றாகக் காயவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பொறுக்கவில்லை. பத்தாம் நாள், அவர் கிணற்றடியில் நிற்கும்போது அது நெடுக்காக வெடித்தது. விழுந்து நாடியில் காயம். மனைவி மஞ்சள் வைத்துக் கட்டினாள். மச்சான் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நானும் பத்திக்குப் போகவில்லை. வேலை, சாப்பாடு, நித்திரை. களஞ்சியத்தில் நின்றபடியே கண் சொருகி, தலை சாக்கு அடுக்கில் முட்டி விழித்த நாட்கள் அவை.

சல்லி என்ற ஊரில் மீன்பிடிக்கும் ஒருவர், மச்சானுக்குப் பழக்கமானவர், அவரைப் பார்க்க வந்தார். கடலில் போகக்கூடாத இடங்கள் பெருகிவிட்டதால் தன் கட்டுமரத்தைக் கழற்றிப் போட்டிருப்பதாகச் சொன்னார். பேச்சோடு பேச்சாக வேம்புக் காலின் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"மலைவேம்பு போடுங்கோ கிளாக்கர் ஐயா. கட்டுமரத்துக்குப் போடுறது. பாரமே இல்லை. என்னட்டை ஒரு துண்டு கிடக்கு, ஏழெட்டு வருசம் காஞ்சது."

அடுத்த கிழமை தோளில் சுமந்துகொண்டு வந்து தந்தார். உளி வைத்தபோது வெண்ணெய்போல இறங்கியது. மூன்றாவது கால் பிறந்தது. மச்சான் கட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடந்தார். மனைவி குசினி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது.

குழி சிறிது என்று நினைத்தேன். ஒரு நூல் அளவு அகட்டினேன். ஆறியதும் கட்டினார், வேறிடத்தில் புண். துணி சுற்றினோம், பஞ்சு வைத்தோம், இன்னும் ஒரு நூல் அகட்டினேன். குழி பளிங்குக் கோப்பைபோல அழகான வட்டமாக இருந்தது. எங்கே பிழை என்று எனக்குத் தெரியவில்லை. மாதங்கள் போயின. இனி இதை விடுவோம் என்று மனதுக்குள் நான் தீர்மானித்த கிழமையில்தான், ஒரு காலையில் அவர் வாசலிலிருந்து கேட்டார்.

"மச்சான், நீர் அதை வட்டமாய்த்தானே குடையிறீர்?"

"ஓம். மெஷினிலே சுழல விட்டால் வட்டமாய்த்தானே வரும்."

அவர் சாரத்தைச் சுருட்டி மேலே ஏற்றினார்.

"இஞ்ச வாரும். வந்து வடிவாய்ப் பாரும். இதில எங்க வட்டம் கிடக்கு?"

நான் கிட்டப் போய்க் குந்தியிருந்து பார்த்தேன். முன்பக்கம் எலும்பு வள்ளத்தின் அடிபோலக் கூராக நின்றது. உள்பக்கம் பள்ளம். பின்பக்கம் சதை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. இத்தனை மாதமும் நூலைச் சுற்றிச் சுற்றி அளவெடுத்தவன் நான். ஆனால் அளவெடுக்கும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு அது முதலிலேயே தெரிந்திருக்கும்.

"நீர் வேலைக்குப் போம். அந்த வளைஞ்ச உளியைத் தந்திட்டுப் போம்," என்றார்.

அன்று மாலை நான் வரும்போது பத்தியெல்லாம் மரத்தூள். அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, வெட்டிய காலில் பூசி, குழிக்குள் வைத்து அழுத்துவார். எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே மரத்தில் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் உளியால் மெல்லச் சுரண்டுவார். மறுபடி பூசி, மறுபடி அழுத்துவார். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை. என் நல்ல உளியின் வாயை இரண்டு தடவை உடைத்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் விடியற்காலையில் அதைத் தீட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வீட்டிலிருந்த துவாய்கள் எல்லாவற்றிலும் கரி பிடித்ததென்று மனைவி ஏசினாள். அவர் திருப்பி ஏசினார். அந்த வீட்டில் அவருடைய குரல் உயர்ந்து கேட்டு நெடுநாளாகியிருந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் கந்தோர் சந்திவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். புண் இல்லை.

எனக்கு லீவு கிடைத்த நாளில் இருவரும் சம்பூருக்குப் போக மூதூருக்குப் படகேறினோம். குடாவில் சாம்பல் நிறக் கப்பல்கள் நின்றன. சீனன்குடாப் பக்கமிருந்து ஒரு விமானம் எழும்பிப் போனது. மச்சான் எதையும் பார்க்கவில்லை. காலின் தோல்வாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூதூரில் மாட்டுவண்டி பிடித்தோம். சம்பூரில் அவர் வீட்டுக்கு நாலைந்து வீட்டு வளவு முன்பாக வண்டிக்காரரிடம் நிறுத்தச் சொன்னார்.

"வீடு இன்னும் அங்கால எல்லோ கிடக்கு?" என்றார் வண்டிக்காரர்.

"ஓம். நான் நடந்து போறன்."

இறங்கினார். முதல் சில அடிகள் இறுகிய நிலம், நன்றாக நடந்தார். பிறகு மணல். தடி ஒரு சாண் ஆழம் புதைந்தது. இழுத்து எடுத்து வைத்தார்; மறுபடி புதைந்தது. நாங்கள் சீமெந்திலும் தார் றோட்டிலும் நடந்து பார்த்தோமே தவிர, அவருடைய ஊர் மணல் என்பதை ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஐந்தாம் அடியில் வார் தளர்ந்து, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் ஓடினேன்.

"வராதையும்!" என்று கத்தினார்.

அந்தச் சத்தத்துக்கு அவருடைய மனைவி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். புருசனைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். மணலைப் பார்த்தாள். உள்ளே திரும்பிப் போனாள். பழைய கோபத்தில் கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு பலகைகளோடு வந்தாள். ஒன்று கோழிக்கூட்டின் கதவு. ஒன்றை அவருக்கு முன்னால் மணலில் வைத்தாள், அதற்கு அப்பால் மற்றதை. அவர் ஏறி நடந்தார். அவர் தாண்டிய பலகையை எடுத்து முன்னால் போட்டாள். மறுபடி எடுத்தாள், போட்டாள். படலைவரை அப்படியே. இரண்டு பிள்ளைகளும் வேலியோரம் நின்று பார்த்தார்கள். படலையடியில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் அவள் வாய் திறந்தாள்.

"தேத்தண்ணி வைக்கட்டே?"

"வை," என்றார்.

நான் அன்றே திரும்பினேன். படகில் உட்கார்ந்ததும் நித்திரையாகிவிட்டேன். கரைக்கு வந்த பிறகு படகுக்காரர் தட்டி எழுப்பினார்.

மறுநாள் விடியற்காலையில் பத்தி வாசல் வெறுமையாக இருந்தது. ஆசைப்பட்டதுபோல எல்லாம் எனக்கே. நான் உள்ளே போகவில்லை, திரும்பிப் படுத்தேன். யுத்தம் முடியும்வரை அந்த யந்திரத்தைத் தொட்ட நாட்கள் மிகக் குறைவு. துக்கம் ஒன்றுமில்லை. முடியவில்லை, அவ்வளவுதான்.

மணலில் புதையாமல் இருக்க, அகன்ற பலகைத் துண்டு ஒன்றைத் தடியின் அடியில் மச்சான் தானே ஆணி அறைந்துகொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வயல் வரம்பில்கூட நடந்தாராம். அந்தக் கால் தேய்ந்ததும் அடுத்ததை யந்திரம் இல்லாமல், வெறும் கத்தியாலும் உளியாலும் அவரே செதுக்கினார். யுத்தத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கால் எடுப்பிக்கலாம் என்று நான் எழுதியபோது வேண்டாம் என்று பதில் அனுப்பினார்.

பல வருடங்களுக்குப் பின், ஒரு கலியாண வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"உம்மட பத்தியில நான் வந்து குந்தியிருந்தது உமக்குக் கஷ்டமாய்த்தான் இருந்திருக்கும்."

"சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை மச்சான்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பிறகு சோறு போடுகிறவரைக் கூப்பிட்டு, என் இலைக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.