ஏழு கம்ப்யூட்டர்களுக்கு நான் கட்டிய கெர்னல்

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் எங்கள் தீவின் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தேன். வீடு ஜெலுத்தோங்கில், பதினோராவது மாடி ஃபிளாட். சனிக்கிழமை பிற்பகல்களில் ஓர் அச்சகத்தின் மாடியில் எட்டுப் பேர் கூடுவோம். எட்டுப் பேரும் லினக்ஸ் பைத்தியங்கள். எங்களுக்குள் ஒரே விதிதான்: பிறர் கட்டிக் கொடுத்த நிரல் எதையும் தொடக்கூடாது, மூலநிரலை எடுத்து அவரவர் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்து கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த விதியை முதலில் உடைத்தவன் நான்.

கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் உறுப்புகளோடு நேரே பேசும் அடிப்படை நிரல். அது எழும்பாவிட்டால் வேறெதுவும் எழும்பாது. பழைய கம்ப்யூட்டர்களில் அதைக் கட்டி முடிக்க ஒரு முழுப் பகல் ஆகும். என்னுடையது புதியது; முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். எங்கள் எட்டுப் பேரில், பல் கிளினிக் ஒன்றில் பதிவேடு எழுதும் கிராணியாக இருந்த அக்காதான் முதலில் கேட்டார்.

"தம்பி, கம்பைல் போட்டா அன்னைக்கு முழுக்க கிளினிக் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குதுலா. எனக்கு மட்டும் ஒண்ணு கட்டிக் குடேன்."

கட்டி, ஒரு ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் அச்சகக்காரர் கேட்டார். மாதம் முடிவதற்குள் ஏழு பேரும் கேட்டுவிட்டார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் ஏழு பேருக்கும் ஒரே கெர்னல் சரிப்படவில்லை. ஒருவருடைய ஹார்ட் டிஸ்க் வேறு மாதிரி, இன்னொருவருடைய நெட்வொர்க் கார்டு வேறு மாதிரி. எல்லாவற்றையும் ஒன்றில் அடைத்தால் ஃபிளாப்பியில் இடம் போதவில்லை. அதனால் ஏழு விதமாகக் கட்டினேன். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மறுபடி ஏழு. வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடிக்கும். "அண்ணே, என்னோடது ரெடியா?" வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பேன். மனைவியைப் பிறகுதான்.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பதிப்பில் ஓட்டை இருப்பதாக மின்னஞ்சல் வந்தது. வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரை முடக்கிவிடலாமாம். ஏழையும் உடனே மாற்ற வேண்டும். அந்தச் சனிக்கிழமை தைப்பிங்கில் என் மனைவியின் தங்கைக்கு நிச்சயதார்த்தம்.

"நீங்க வரலன்னா அப்பா என்ன நினைப்பாரு?" என்றாள் மனைவி.

"ஏழு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. நான் என்ன செய்யறது?"

"அவங்கதான் உங்க வீட்டு ஆளுங்களா?"

அவள் பையைத் தூக்கிக்கொண்டு, அக்கரைக்குப் போகும் ஃபெரிக்குத் தனியாகப் போனாள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் மூன்றாவது கெர்னல் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி ஓடியிருந்தால் பேருந்து நிறுத்தத்திலேயே அவளைப் பிடித்திருக்கலாம். திரையின் பக்கம் திரும்பிவிட்டேன்.

அந்த அவசரத்தில் இரண்டு ஃபிளாப்பிகளின் மேல் பெயரை மாற்றி ஒட்டிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை, கம்ப்யூட்டர் எழும்பவில்லை என்று தொழிற்சாலைக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்தேன். கிளினிக் நிறையக் கன்னம் வீங்கியவர்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற ஒற்றை வரியோடு கறுப்புத் திரை நின்றிருந்தது. பழைய கெர்னலும் அங்கே இல்லை. இடம் போதாது, அழித்துவிடுங்கள் என்று சொன்னதே நான்தான்.

அக்கா திட்டவில்லை. நோட்டில் நோயாளிகளின் பெயரை எழுதிக்கொண்டே, "உன்னைக் கேக்காம நான் ஒண்ணுமே செய்ய முடியலையே தம்பி" என்று மட்டும் சொன்னார். என்னிடமிருந்த அவசர ஃபிளாப்பியால் கம்ப்யூட்டரை எழுப்பிக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து வெளியே வந்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை கூட்டத்தில், இனி கட்டித் தரப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அச்சகக்காரர், "நீங்க நிறுத்திட்டா நாங்க அப்படியே ஓட்டையோட கிடக்க வேண்டியதுதாண்ணே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். அவர் பாவமாகச் சொன்னார். "சரி, அவங்கவங்க கம்ப்யூட்டர்ல என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் குடுங்க" என்று என் வாயே சொன்னது.

அக்கா மட்டும் லிஸ்ட் கொடுக்கவில்லை. கெர்னலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த கோப்பை அச்சிட்டுத் தரும்படி கேட்டார். இரண்டு மாதம் கழித்து, பேனாவால் அடித்து அடித்துக் கிழியும் நிலைக்கு வந்துவிட்ட தாள்களோடு வந்தார்.

"நானே கட்டிட்டேன். சனிக்கிழமை கிளினிக் மூடினதும் ஓட விட்டுட்டுப் போயிட்டேன். திங்கக்கிழமை வந்து பார்த்தா ரெடிலா!"

வெரி குட் அக்கா என்றேன். உள்ளுக்குள் எரிந்தது. அவர் இந்தச் சிக்கலிலிருந்து வெளியே போய்விட்டார், நான் இன்னும் உள்ளே இருக்கிறேன் என்ற எரிச்சல். அந்தக் கோப்பை அதுவரை யாருக்கும் நானாகக் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஃபிளாப்பியிலும் அதையும் சேர்த்து வைத்தேன். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு வருடம் ஆறு பேருக்குக் கட்டினேன். பிறகு ஒவ்வொருவராக, என் கெர்னல் தேவைப்படாத புது கம்ப்யூட்டர் வாங்கினார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை ஆறு ஃபிளாப்பிகளோடு மாடியேறினேன். இரண்டு பேர்தான் வாங்கிக்கொண்டார்கள்.