கொடிக்கால்புதூருக்கு மாறுதல்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஐச்சர் வண்டி திருநகர் குருமனை வாசலில் வந்து நின்றது. ஏழு ஆண்டுக் குடித்தனம் ஒரு மணி நேரத்தில் வண்டிக்குள் அடங்கிவிட்டது. மேலே தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டி, முன் இருக்கையில் நானும் என் மனைவி எஸ்தரும் ஏறிக்கொண்டோம். சோழவந்தானைத் தாண்டி இருக்கும் கொடிக்கால்புதூர் வரை வாடகை நாலாயிரத்து ஐநூறு ரூபாய். தூரம் ஏறத்தாழ முப்பத்தாறு கிலோமீட்டர். மதுரைக்காரர்கள் இதைப் பயணம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூட்டை முடிச்சோடு போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

எஸ்தர் போதகர். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்போம்; அவர் வசிக்கும் வீடு குருமனை. ஐயர்களுக்கு ஓர் ஊரில் நிரந்தர இருப்பு கிடையாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில், மாறுதல் ஆராதனை நடக்கும். பேராயர் பீடத்தருகே நின்று ஒவ்வொரு பெயரையும் அவர் போகவேண்டிய ஊரையும் வாசிப்பார். அதுவரை வதந்திதான். இந்த ஊர் வேண்டும் என்று கேட்டு வாங்க முடியாது. கிடைத்ததை மறுக்கும் வழக்கமும் இல்லை. பெயர் வாசிக்கப்பட்டவர் முன்னே போய் முழங்காலில் நிற்பார், பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எல்லாக் குடும்பங்களும் செய்கிற முதல் காரியம், செல்போனை எடுத்து அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தேடுவது.

கொடிக்கால்புதூர் என்று வாசித்தபோது எஸ்தர் சிரித்த முகத்தோடு எழுந்து போனாள். பின்வரிசையில் உட்கார்ந்து நான் பஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு டவுன்ஹால் ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. திருநகரில் வீட்டைவிட்டு இறங்கினால் பஸ்; இனி அப்படி இல்லை.

ஓட்டுநர் துளசிராம் சௌராஷ்டிரக்காரர். பழங்காநத்தம் வரும்வரை தன் மனைவியிடம் போனில் அவர்கள் மொழியில் பேசிக்கொண்டே வந்தார். அதில் ‘ஐயர்’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. பேசி முடித்துவிட்டு, இந்த வாரத்தில் மட்டும் மூன்று ஐயர்மார் வீட்டுச் சாமான் ஏற்றியிருக்கிறேன் என்றார். பைபாஸ் சாலையில் காளவாசல் சிக்னலுக்காக நின்றபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“எங்காளுக குஜராத்துல இருந்து கெளம்பி மதுர வந்து சேரவே எம்புட்டோ காலம் ஆச்சு. வந்து உக்காந்தவுக அப்பறம் நகரல. நீங்க என்னம்மா, உக்காந்த சூடு ஆறுறதுக்குள்ள எந்திரிச்சிர்றீங்க?”

“ஆறிப் போயிரக் கூடாதுன்னுதாண்ணே எழுப்பி விடுறாங்க” என்றாள் எஸ்தர். துளசிராம் சிக்னல் விழுந்ததையும் கவனிக்காமல் சிரித்தார்.

எட்டு மணி. வைகைப் பாலம், விளாங்குடி தாண்டி பரவை. காய்கறி மார்க்கெட்டிலிருந்து வெளியேறும் வண்டிகளால் சாலை முழுக்க வெங்காய வாசனை. அங்கே ஒரு டீக்கடை முன்னால் இன்னொரு லாரி எங்களுக்காகக் காத்து நின்றது. அதில் சாமுவேல் ஐயரும் அவர் மனைவியும். கொடிக்கால்புதூரிலிருந்து கிளம்பி, நாங்கள் காலி செய்த திருநகர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே நாளில் இரண்டு வீடும் இடம் மாறவேண்டும் என்பதால் பாதி வழியில் சந்திப்பது என்று ஏற்பாடு.

பன்னிரண்டு ரூபாய் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சாவிகளை மாற்றிக்கொண்டோம். கூடவே வீடுகளின் குணமும் கைமாறியது. திருநகரில் சமையலறைக் குழாயை முழுக்கத் திறந்தால் மூடாது என்று நான் சொன்னேன். கொடிக்கால்புதூரில் தண்ணீர் மோட்டாருக்கு இரண்டு தட்டுத் தட்டினால்தான் ஓடும் என்றார் அவர். சாமுவேல் ஐயரின் மனைவிக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஊரே பாலம் வரை வந்து வழியனுப்பியதாம். எஸ்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

கிளம்பும்போது சாமுவேல் ஐயர் ஒரு விஷயம் சொன்னார். ஊருக்குள் நுழையும் வாய்க்கால் பாலத்தில், மணல் லாரி போகாமலிருக்க இரும்புத் தூண் நட்டிருக்கிறார்கள், ஐச்சர் போகாது. சபையின் பொருளாளர் செல்வநாயகத்திடம் டிராக்டர் இருக்கிறது. அதில்தான் இவர்கள் சாமான் பாலத்தைத் தாண்டி வந்தது. எங்களுக்கும் அவர்தான் வரவேண்டும். சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்தினார்.

“ஆனா அவரு வருவாரான்னு தெரியலம்மா. பெண் போதகர் வேண்டாம்னு பேராயர்கிட்ட ரெண்டு தடவ போயிட்டு வந்தாரு.”

சமயநல்லூரில் திண்டுக்கல் சாலையை விட்டு சோழவந்தான் சாலையில் திரும்பினோம். அணையில் தண்ணீர் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தேனூர் தாண்டியதும் இருபுறமும் வாய்க்கால்கள் நிறைந்து ஓடின. உழுது போட்ட வயல்களில் கொக்குகள், வரப்பில் உரமூட்டையோடு டிவிஎஸ் வண்டிகள், அகத்தி மரங்களில் ஏறிப் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால்கள். இவ்வளவு பச்சையைக் கண்ணாடிக் கடை ஆள் ஒருவன் காலை நேரத்தில் பார்ப்பதே அபூர்வம். இருந்தும் என் மனம் அதில் ஒட்டவில்லை. டிராக்டர் வருமா வராதா என்பதிலேயே இருந்தது.

பாலத்தருகே ஒன்பதேகாலுக்கு நின்றோம். டிராக்டர் இல்லை. சபையைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பெண்களும் கோயில்பிள்ளை தாவீதும் மாலையோடு நின்றிருந்தார்கள். கோயில்பிள்ளை என்பவர் மணி அடித்து, ஆலயத்தைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்பவர். எஸ்தருக்கு மாலை போட்டார்கள். ஒரு மாலை மிச்சமிருந்தது. ஐயர் வந்தால் கூடவே ஐயரம்மாவும் வருவார் என்று இரண்டு கட்டியிருக்கிறார்கள். இப்போது ஐயரே அம்மாவாக வந்துவிட்டார்; என்னை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் தாவீது விழித்தார். கடைசியில் ஒரு பெண் “அண்ணே, குனிங்க” என்று சொல்லி என் கழுத்தில் போட்டுவிட்டார்.

செல்வநாயகம் எங்கே என்று எஸ்தர் கேட்டாள். வயலில் இருக்கிறார் என்று கையைக் காட்டினார்கள். அவள் செருப்பைக் கழற்றிப் பாலத்தோரம் வைத்துவிட்டு வரப்பில் இறங்கிவிட்டாள். நான் மாலையோடு பின்னால் ஓடினேன்.

அவர் முழங்கால் ஆழச் சேற்றில் டிராக்டரை ஓட்டி, நடவுக்காகத் தொழி உழுதுகொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது, கட்டுமஸ்தான உடல். எங்களைக் கண்டதும் எஞ்சினை நிறுத்தி இறங்கி வந்தார். “வாங்கம்மா. இங்கன சேறு, அங்கனயே நில்லுங்க” என்றார். மரியாதையில் குறையில்லை.

இன்று அவருக்கு முறைத் தண்ணீர். மதியத்துக்கு மேல் மடையை அடுத்தவருக்கு மாற்றிவிட்டுவிடுவார்கள், அதற்குள் உழுது முடிக்கவேண்டும். மூன்று மணிக்கு மேல் தானே டிராக்டரோடு வருவதாகச் சொன்னார். வண்டியில் வரும்போது அவரைப்பற்றி நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். அவ்வளவும் வீண்.

ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. “ஒளிச்சுப் பேச மாட்டேம்மா. பேராயருகிட்டப் போனது நாந்தான்.”

“சொன்னாங்கண்ணே.”

“ஒங்க மேல எந்தக் குத்தமும் இல்ல. வியாழக்கெழம எம் மகளுக்குக் கல்யாணம். பொம்பள ஐயரு தாலி எடுத்துக் குடுத்தா மாப்ள வீட்டுல ஒத்துக்கிற மாட்டாக. ரெண்டு வாரம் கழிச்சு அனுப்புங்கன்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாக. எங்க சபைக்கு யாரு வாரான்னு எங்கள ஒரு வார்த்த கேட்டாகளா?”

“என்னையும் கேக்கலண்ணே” என்றாள் எஸ்தர். “பேர வாசிச்சப்பதான் எனக்கே தெரியும். கேக்காம அனுப்புன ஆளும் கேக்காம வாங்கிக்கிட்ட சபையும் இனிமே சேந்துதான் இருக்கணும்.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துண்டுக்குப் பின்னால் சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கல்யாணத்தை யார் நடத்துவது என்று சண்டைக்கு நிற்க மாட்டேன், மாப்பிள்ளை வீட்டு ஐயரே வரட்டும் என்றாள் எஸ்தர். மகளிடம் மட்டும் ஒருமுறை பேசிவிட்டு முடிவு செய்யுங்கள் என்றும் சொன்னாள்.

“அது என்ன சொல்லும்? நாஞ் சொல்றதுதான்” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி சேற்றில் இறங்கினார்.

பாலத்துக்குத் திரும்பினால் துளசிராம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மத்தியானம் இன்னொரு சவாரி. மூன்று மணிவரை நிற்க முடியாது. அந்தப் பெண்கள் தங்களுக்குள் என்னவோ பேசினார்கள். ஒருவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தார். அவ்வளவுதான். தலையில் பாத்திர மூட்டைகள், இடுப்பில் தண்ணீர்க் குடங்கள், டிவிஎஸ்சில் மெத்தை. வயலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், கோவிலுக்குப் பால்குடம் எடுக்க விரதமிருந்த மஞ்சள் வேட்டிக்காரர் இருவர், எல்லோரும் ஆளுக்கொன்றைத் தூக்கினார்கள். குருமனைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும். அந்த ஊரில் காலடி வைக்கும் முன்பே எங்கள் வீட்டில் எத்தனை தலையணை, எந்தச் சட்டிக்குப் பிடி இல்லை என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. துளசிராமும் பொறுக்க முடியாமல் மிக்சியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

புத்தகப் பெட்டியைத் தூக்கி வந்தவள் ஓர் இளம்பெண். மற்றவர்கள் சாக்குப்போக்குச் சொன்ன பெட்டி அது. அவள்தான் செல்வநாயகத்தின் மகள் ஜெபா. மதுரையில் ஒரு மருத்துவமனையில் நர்சாக இருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குள் வண்டி காலி. பீரோவும் பிரிட்ஜும் மட்டும் பாலத்தருகே வேப்பமரத்தடியில் நின்றன. துளசிராம் விடைபெறும்போது, “அடுத்த மாறுதலுக்கும் எனக்கே போன் போடுங்க” என்று எஸ்தரிடம் சொல்லிப் போனார்.

மத்தியானம் முழுக்க ஜெபா எங்களோடு இருந்து புத்தகங்களை அடுக்கினாள். எஸ்தர் அவளிடம், இந்த மாப்பிள்ளையை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். ஜெபா கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள். நிச்சயம் ஆனதிலிருந்து மண்டபம் எது, சமையல் யார், சேலை எங்கே எடுத்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்களாம். இதை ஒருவரும் கேட்கவில்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லும்போது அவள் முகத்தில் வந்த வெட்கத்தை மறைக்க, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றரைக்கு டிராக்டர் வந்தது. சொன்ன சொல் தப்பாமல் செல்வநாயகமே ஓட்டி வந்தார். பீரோவையும் பிரிட்ஜையும் நாலு பேராக இறக்கி வைத்தோம். குருமனை முற்றத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஜெபா அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

“அப்பா, எனக்கு இவுகதான் தாலி எடுத்துக் குடுக்கணும்.”

“மாப்ள வீட்டுக்கு என்னத்தா சொல்றது?”

“அவருகிட்டப் பேசிட்டேன். அவுக அம்மாவுக்குத்தான் யோசனையாம். நாளைக்கு நேர்ல வாராக.”

செல்வநாயகம் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது.

ஞாயிறு காலை ஆராதனைக்கு ஊரே வந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வாடிப்பட்டியிலிருந்து வந்து பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எஸ்தர் அன்று சுருக்கமாகப் பேசினாள். முன்வரிசையில் செல்வநாயகம் பிரசங்கத்தைக் கேட்டாரா, பின்னால் இருந்த சம்பந்தியம்மாளின் முகத்தைப் பார்த்தாரா, சொல்ல முடியாது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்தபின் அந்த அம்மாள் எஸ்தரிடம் நேரே வந்தார். நானும் செல்வநாயகமும் பக்கத்தில் நின்றோம்.

“கல்யாணத்தன்னைக்கு நீங்க எம்புட்டு நேரம் பேசுவீக?”

“பத்து நிமிஷம்மா.”

“பத்துன்னா பத்துத்தானா?”

“பத்துத்தான்.”

“அப்பச் சரி. எங்க ஐயரு முக்கா மணி நேரம் பேசுவாரு. மூத்தவன் கல்யாணத்துல பந்தியே ஆறிப் போச்சு. நீங்களே கட்டி வச்சிருங்க.”

சொல்லிவிட்டு அவர் மருமகளாகப் போகிறவளின் கையைப் பிடித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார். பேராயரிடம் இரண்டு முறை போயும் தீராத விஷயம் ஆலய வாசலில் இப்படித் தீர்ந்தது. செல்வநாயகம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, மறுபடி இறக்கிவிட்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். இம்முறை துண்டு குறுக்கே இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பினேன். சோழவந்தான் பஸ் நிலையம் அங்கிருந்து நாலு கிலோமீட்டர். பாலத்தைத் தாண்டும்போது பின்னால் பைக் சத்தம். செல்வநாயகம் ஏறச் சொன்னார். கொடிக்கால்களுக்கு நடுவே வண்டி போனது. ஈர வெற்றிலை வாசனை. கொஞ்ச தூரம் போனதும் அவர் திரும்பாமலே கேட்டார்: “அம்மாவுக்கு இது வேல. ஒங்களுக்கு இந்த ஊரு சம்மதமா?”

மூன்று ஊர்கள் மாறிவிட்டோம். என்னிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பஸ்தான் கொஞ்சம் கஷ்டம் என்று மட்டும் சொன்னேன். திருநகரில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பஸ். ஆனால் நான் எந்த பஸ்சில் போகிறேன், எதில் வருகிறேன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

சோழவந்தானில் மதுரை பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. ஓடிப்போய் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். செல்வநாயகம் பைக்கை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“சாயங்காலம் எத்தன மணி பஸ்சுல வாரீக?”

ஏழரை ஆகிவிடும் என்றேன்.

“சரி, நான் இங்கன நிக்கிறேன்” என்றார். பஸ் புறப்பட்டது.