குலுக்காதிய நர்சக்கா!

மூன்று வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் முடிந்து புது வருடம் பிறந்த கையோடு நடந்தது இது. அப்போது நான் முக்கூடல் பக்கம் ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் சுகாதார நர்ஸாக இருந்தேன். இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் முதலில் பனிதான் வருகிறது. காலையில் ஸ்கூட்டியில் போகும்போது வயலும் தெரியாது, ஆறும் தெரியாது. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கூடவே வரும். எதிரே யாராவது வந்தால், பக்கத்தில் வந்த பிறகுதான் ஆணா பெண்ணா என்றே தெரியும். நடந்ததெல்லாம் நிஜம். இருந்தும் அந்தப் பனிக்குள் நடந்ததாலோ என்னவோ, பாதி கனவு போலவே மனதில் கிடக்கிறது.

அந்த ஊரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய். அம்மா பீடி சுற்றுகிறவள். அப்பாவுக்குக் கேரளாவில் வேலை, மாதம் ஒருமுறை வந்து போவார். திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை கீமோ ஏற்றி முடித்ததும் பிள்ளையின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்துவிடும். அந்தச் சமயத்தில் சாதாரணச் சளி கூட அவளைச் சாய்த்துவிடலாம். அதனால் வெள்ளை அணுக்களைக் கூட்டுவதற்கென்று ஓர் ஊசி உண்டு. தினம் ஒன்றாக ஏழு நாள் போட வேண்டும். இந்தத் தடவை அதை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், உங்கள் ஊர் நர்ஸிடம் கேளுங்கள் என்று சொல்லி, ஏழு ஊசிகளையும் ஐஸ் டப்பாவில் வைத்துக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு விட்டார்கள். நான் போனபோது தாயும் மகளும் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தார்கள். பிள்ளை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. அதற்குள் அவளே ஊசிகளை ஃப்ரிட்ஜில் நடுத்தட்டில் வைத்து, "மருந்து. யாரும் தொடாதிய" என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

மறுநாள் வள்ளியூரில் என் அக்கா பேத்திக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். விடியற்காலையில் கிளம்ப வேண்டும், அன்றைக்குத் திரும்புவதாக இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைப் பார்த்தேன். முதல் ஊசி நாளை மாலை நான்கு மணிக்கு என்று போட்டிருந்தது. ஒரு நாள் முந்திப் போட்டால் என்ன வந்துவிடப் போகிறது, நல்லதுதானே என்று தோன்றியது.

"முத ஊசிய இப்பவே போட்டுருதேன். நாளைக்கு நான் ஊர்ல இல்ல" என்றேன்.

அம்மாவுக்கு நிம்மதி. "உங்களுக்குத் தெரியாததா நர்சம்மா, போடுங்க" என்றாள்.

நான் ஊசியை எடுத்தேன். மருந்து அடைத்தே வருகிற சிறிய சிரிஞ்சு. தடுப்பூசிக் குப்பிகளைக் குலுக்கிக் குலுக்கிப் பழகிய கை. யோசிக்காமலே நாலு குலுக்குக் குலுக்கிவிட்டேன்.

"குலுக்காதிய நர்சக்கா!"

சாய்ந்து கிடந்த பிள்ளை எழுந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"அதக் குலுக்கக் கூடாது. இன்னைக்குப் போடவும் கூடாது. கீமோ முடிஞ்சு ஒரு நாள் முழுசா ஆகணும்னு சொல்லிருக்காங்க."

எனக்குச் சுருக்கென்றது. "ஏட்டி, நான் இருவது வருசமா ஊசி போடுதேன். எனக்குச் சொல்லித் தாரியா?"

அம்மா பதறிப்போய் மகளை அதட்டினாள். "பெரியவுகட்ட இப்பிடியா பேசுவ? கைய விடுட்டி."

அவள் விடவில்லை. அழுதாள், ஆனாலும் விடவில்லை. இன்னொரு கையால் பையைத் துழாவி ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தாள். வார்டில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் பென்சிலால் எழுதி, சிரிஞ்சு படம் கூட வரைந்து வைத்திருந்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வார்டின் போன் நம்பர் இருந்தது.

அவள் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகத்தான் நான் அந்த நம்பரைக் கூப்பிட்டேன். அதை இன்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரிலும் போட்டேன், எல்லோரும் கேட்கட்டும் என்று.

எடுத்தது சின்னக் குரல். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பிள்ள சொல்லுததுதான் சரி யக்கா" என்றாள். "கீமோ மருந்து இன்னும் உடம்புல ஓடிக்கிட்டு இருக்கும். இந்த ஊசி போட்டா புதுசா அணுக்கள் வளரும். வளருதத எல்லாம் அந்த மருந்து அடிச்சிரும். இப்ப இருக்கதவிட மோசமாயிரும். நல்ல வேள, நிறுத்திட்டா." பிறகு, குலுக்கிய ஊசியைப் போட வேண்டாம், தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், நாளை வந்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நாளைக்கு நாலு மணிக்கு நானே கொண்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் வள்ளியூர் கோயிலில் குழந்தையைக் கையில் வாங்கி நின்றபோதும் என் நினைப்பு அங்கே இல்லை. போதகர் தண்ணீர் தெளித்ததும் குழந்தை வீறிட்டது. நான் திடுக்கிட்டு அதன் பிஞ்சு விரல்களைப் பார்த்தேன். உடனே இன்னொரு கை ஞாபகத்துக்கு வந்தது. பந்தியில் உட்காராமலே அக்காவிடம் சொல்லிக்கொண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

வார்டின் கடைசியில் ஒரு சின்ன அறை. தாழ்வான பிளாஸ்டிக் ஸ்டூல்கள். மொட்டைத் தலையோடு மூன்று பிள்ளைகள் முகக்கவசம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திரைச்சீலை வழியாக வந்த மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாமே பைய அசைவது போல இருந்தது. சிஸ்டர் போனில் கேட்ட குரலைவிடச் சின்னப் பெண். ஊசியை உடனே தந்து அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

"உங்களுக்குத் தெரியாம இருக்காது யக்கா. இருந்தாலும் ஒரு தடவ எங்கூடச் சேந்து செஞ்சிருங்களேன்" என்றாள்.

பிள்ளைகளோடு பிள்ளையாக ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாத்திரம் தேய்க்கிற புதுப் பஞ்சு ஒன்றைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். அதுதான் தொடை. சிரிஞ்சில் வெறும் தண்ணீர். தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, தசைக்குப் போகாமல் தோலுக்கு அடியில் மட்டும் குத்த வேண்டும். நான் பழக்கத்தில் ஆழமாகக் குத்தினேன். ஊசி மறுபக்கம் வந்து என் விரலையே உரசியது. பக்கத்து ஸ்டூலில் இருந்த ஐந்து வயதுப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அழுவியளா?" என்று கேட்டாள்.

"அழ மாட்டேன்" என்றேன். கொஞ்சம் விட்டிருந்தால் அழுதிருப்பேன்.

மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. பிறகு சிஸ்டர், ஃப்ரிட்ஜிலிருந்து அரை மணி நேரம் முன்பே எடுத்து வெளியே வைக்கச் சொன்னாள். வெந்நீரில் காட்டிச் சூடாக்கக் கூடாது. தினமும் இடத்தை மாற்றிப் போட வேண்டும். போட்ட ஊசியை மூடியுள்ள டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கிளம்பும்போது வாசல் வரை வந்து, ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். "எலும்பு உளையுதுன்னு சொல்லுவா. உடனே மாத்திரை குடுத்துராதிய. மொதல்ல காய்ச்சல் இருக்கான்னு பாருங்க. மாத்திரை காய்ச்சல மறச்சிரும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஐஸ் டப்பாவை மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். வெளியே பச்சை வயல்களும் வாய்க்கால்களும் போய்க்கொண்டே இருந்தன. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியவில்லை. கை மட்டும் டப்பாவை விடவில்லை.

நாலு மணிக்கு அந்த வீட்டில் இருந்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, "நீ நோட்டப் பாத்துச் சொல்லு, நான் செய்யுதேன்" என்றேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. பரீட்சைக்குப் போகிற மாதிரி நோட்டை விரித்து ஒவ்வொன்றாக வாசித்தாள். நானும் அப்படியே செய்தேன். முடிந்ததும், "வலிக்கவே இல்ல நர்சக்கா" என்றாள். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் அவளே போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பீடித்தூள் பறக்கும் என்று சொளகுத் தட்டையும் இலையையும் அந்த வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தாள். ஊசி போட்ட பிறகு பிள்ளைக்குக் கண் சொக்கும். பாதித் தூக்கத்தில் ஏதாவது பேசுவாள்.

"எலும்புக்குள்ள யாரோ நடக்குத மாதிரி இருக்கு நர்சக்கா."

"எத்தன பேருட்டி?"

"நெறைய. ராத்திரி கனவுல கொக்கா வந்துச்சு. நம்ம வயல் பூரா. எண்ணி முடிக்கதுக்குள்ள விடிஞ்சிட்டு."

அவை வெள்ளை அணுக்கள்தானோ என்று நானும் அவளும் பேசிக்கொண்டோம். மறுநாள் காலை பனிக்குள் போகும்போது என் கண்ணும் வயலில் கொக்கைத் தேடியது.

ஐந்தாம் நாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் அவள் அம்மா போன் செய்தாள். "இடுப்பெலும்பு ரொம்ப உளையுதுன்னு அழுதா நர்சம்மா. வீட்ல வலி மாத்திரை கெடக்கு, ஒண்ணு குடுத்துரவா?"

கொடுங்கள் என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. வேறு யார் வீடாக இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். "குடுக்காதிய, இருங்க, நான் வாரேன்" என்று கிளம்பினேன். போய்த் தொட்டுப் பார்த்தேன், பெரிதாகச் சூடு தெரியவில்லை. தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றொன்றைத் தாண்டி நின்றது. போர்வைக்குள் பிள்ளை, "குளுருது" என்றாள்.

வார்டுக்குப் போன் செய்தேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கொண்டுவரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஆட்டோவில் மூவரும் ஏறினோம். வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. பாதை எங்கே, ஆறு எங்கே என்று புரியவில்லை. பிள்ளை என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அவள் அம்மா வாய்க்குள் சாமி பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும்.

இறங்கியதும் ரத்தம் எடுத்து, உடனே நரம்பில் மருந்து ஏற்றினார்கள். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருந்ததாகவும், கிருமி ரத்தத்தில் கலந்திருந்ததாகவும் டாக்டர் பிறகு சொன்னார். மாத்திரையைக் கொடுத்து மத்தியானம் வரை பார்த்திருந்தால் நிலைமை கைமீறிப் போயிருக்கும் என்றார். மீதி ஊசிகளை அங்கேயே போட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்று சிஸ்டர் சொன்னபோது, பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

இப்போது அவள் பிளஸ் டூ படிக்கிறாள். வைத்தியம் முடிந்துவிட்டது, பரிசோதனைக்கு மட்டும் போய் வருகிறாள். தலைமுடி சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. பொங்கலுக்குப் போன் செய்தால் அரை மணி நேரம் பேசுவாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறந்திருக்க மாட்டாள், எனக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறாள்.

பெரியவள் சொல்கிறாள் என்று அன்றைக்கு அந்தப் பிள்ளை பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.