சன்னலுக்குக் கூப்பிடும் புத்தகம்

புத்தகத்தின் தலையை முன்னால் சாய்த்து, பின்கழுத்தில் மெல்ல ஊதுகிறார். பிறகு விரலால் ஒரு தட்டு. முடிவெட்டுகிறவர் அல்லவா, கை அப்படித்தான் போகும். நூலகத்துக்கு எதிரே அவருடைய சலூன். கடை விடுமுறை என்றால் இங்கே வந்துவிடுவார். நூலகத்தைக் கூட்டித் துடைக்கிறவள் நான். எனக்கு முன்பே கடைசி அலமாரியின் தூசியை எடுத்துவிடுகிறார்.

"புதுசெல்லாம் முன்னாடி இருக்கே அண்ணே?" என்றால், "அதுக்குத்தான் ஆள் இருக்கே தங்கச்சி. இதுங்களை யாரு என்ன ஏதுன்னு கேக்குறா?" என்பார்.

அதில் ஒன்றின் மேல் அவருக்கு உயிர். மேகங்களைப் பற்றிய, பழுப்பேறிய பழைய புத்தகம். நாலு வரி படிப்பார். சட்டென்று எழுந்து சன்னலுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பார். வந்து உட்காருவார். இன்னும் நாலு வரி. மறுபடி சன்னல். வயிறு சரியில்லையோ, யாரையாவது எதிர்பார்க்கிறாரோ என்று எனக்கு ஒரே குழப்பம். கேட்டேவிட்டேன். பக்கத்தைக் காட்டினார். நான் படித்தது அஞ்சாவது வரைதான், எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'அன்பரே, சற்று சன்னலருகே வந்து பாருங்கள்' என்றிருந்தது.

"எழுதினவர் கூப்பிடுறாரே, போகாம உக்காந்திருந்தா மரியாதையா?"

நானும் போய்ப் பார்த்தேன். ஆண்டவன் நாளெல்லாம் வரைந்து வரைந்து அழிப்பதை, துணி காயுமா என்று மட்டும்தானே இத்தனை காலம் பார்த்திருக்கிறேன்.

யாரும் எடுக்காத புத்தகங்களை மாதக் கடைசியில் கழித்துவிடப் போவதாக நூலக மேடம் சொன்னபோது அவர் பதறிப்போனார்.

"இதை நான் எடுக்கிறேனே மேடம்!"

"நீங்க ஒருத்தரே எடுத்தா எப்படிண்ணே? இன்னொருத்தராவது எடுத்தாத்தான் நான் மேல பேச முடியும்."

அன்றிலிருந்து சலூன் நாற்காலியில் உட்காருகிற எல்லோருக்கும் மேகப் புராணம்தான். என் வீட்டுக்காரரும் தலையைக் கொடுத்துவிட்டு முழுசாகக் கேட்டு வந்தார்.

"எல்லாரும் எடுக்கிறேன்னுதான் சொல்றாங்க தங்கச்சி."

"கத்தி கழுத்துல இருக்கும்போது மாட்டேன்னா சொல்வாங்க?"

சிரித்தார். ஆனால் ஒருவரும் வந்தபாடில்லை.

போன வாரம் அலமாரி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். புத்தகம் இருந்த இடம் காலி.

"கழிச்சிட்டீங்களா மேடம்?"

"இல்லண்ணே. யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"யாரு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது."

"நம்ம கடைக்கு வர்ற ஆளா? அதை மட்டுமாவது..."

"அண்ணே!"

பிழைத்துக்கொண்டது என்று குதிப்பார் என நினைத்தேன். "நல்லதுதான்" என்று உட்கார்ந்தார். எழுந்தார். "பக்கத்தை மடக்கிற ஆளா இருந்தா?" என்றார். "நல்லதுதான் தங்கச்சி" என்று மறுபடி உட்கார்ந்தார். "படிக்கத்தான் எடுத்தாங்களா, இல்ல என் தொல்லை தாங்காமலா?" சந்தோஷமா, வருத்தமா? கடவுளே, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டதாகத் தெரியவில்லை.

கையில் புத்தகம் இல்லாமலே சன்னலுக்குப் போனார். வெளியே வெள்ளைவெளேரென்று மேகம் திரண்டு நின்றது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. எதிர்வரிசை வீடுகளின் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார், யாராவது தலையை நீட்டுகிறார்களா என்று.