போண்டா ஏன் சுவரோரமாகவே ஓடுகிறது?

பெரம்பலூரில் ஹாம்ஸ்டர் என்கிற குட்டி வளர்ப்பு எலியை விற்பது சுலபம். விற்ற பிறகு அது ஏன் அப்படிச் செய்கிறது, ஏன் இப்படிச் செய்கிறது என்று போனில் பதில் சொல்லி மாளாது. ஜவுளிக்கடையும் செல்போன் கடையும் வைத்திருக்கும் சக பாவிகளே, நீங்கள் விற்ற சட்டை கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு வர மறுக்கிறது என்று உங்களை யாராவது சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டதுண்டா? என் கடையில் மீன், லவ் பேர்ட்ஸ், நாய்த் தீனி எல்லாம் இருக்கின்றன. அவற்றை வாங்கியவர்களால் எனக்குத் தொந்தரவே இல்லை. ஹாம்ஸ்டர் வாங்கியவர்கள்தான், சாயங்காலம் கூண்டைத் திறந்து அதைக் கொஞ்சம் விளையாட விட்ட கையோடு எனக்கு போன் போடுகிறார்கள்.

கூண்டுக்குள் இருக்கும்வரை அது ஒரு பொம்மை மாதிரி. வெளியே விட்டால்தான் அதற்கென்று ஒரு புத்தி இருப்பது தெரிகிறது. அந்தப் புத்திக்கும் நான்தான் பொறுப்பு ஏற்க வேண்டுமாம்.

சிலையாக நின்றது

செந்துறையிலிருந்து ஒரு கிளார்க், லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். மடியில் அட்டைப் பெட்டி. "வெளிய விட்டா அசைய மாட்டேங்குது சார், ஏமாத்திட்டீங்க" என்றார். என்ன நடந்தது என்று விசாரித்தேன். வீட்டில் ஏதோ விசேஷம். வந்த உறவினர்களுக்குக் காட்டுவதற்காக ஹாலின் நடுவில் ஹாம்ஸ்டரை விட்டிருக்கிறார். சித்தப்பா, மாமா, மச்சான், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று குனிந்து பார்த்திருக்கிறார்கள். அது முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டது. யாரோ கற்பூரம் ஏற்றலாமா என்றுகூடக் கேட்டிருக்கிறார்.

தலைக்கு மேலே பெரிதாக எது தெரிந்தாலும் அதற்குப் பருந்துதான், அசையாமல் நின்றால் பருந்து பார்க்காது என்று நினைத்துக்கொள்ளும், ஒருவர் மட்டும் தரையில் உட்கார்ந்தால் தானாக வரும் என்று விளக்கினேன். அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கோபம் போய்விட்டது.

"அதச் சொல்லிக் குத்தமில்ல சார். எங்க சொந்தக்காரங்க மொத்தமா வந்து நின்னா எனக்கே அப்படித்தான் இருக்கு."

சுவரோரம்

துறைமங்கலத்தில் ஜாக்கெட் தைக்கிற செல்வராணி, எலியென்றால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற ரகம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். மகள் கயல்விழி பிடிவாதம் பிடித்து என்னிடம் ஒரு ஹாம்ஸ்டர் வாங்கி, போண்டா என்று பெயர் வைத்தாள். பிறகு ப்ளஸ் ஒன்னுக்கு அவளை வெளியூர் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. போண்டாவை அம்மா தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

ஒருநாள் செல்வராணி கடைக்கே வந்து, "அது ஏன் அண்ணே, வெளிய விட்டா சுவரோரமாவே சுத்திச் சுத்தி ஓடுது? ஹால் இம்புட்டு பெருசா கெடக்கே?" என்று கேட்டார். பயம்தான் என்றேன். திறந்த இடத்தில் நாலு பக்கமும் ஆபத்து, சுவர் இருந்தால் ஒரு பக்கத்துக் கவலை விட்டது. அவர் முகம் வாடிவிட்டது. விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. கயல்விழி ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹாஸ்டல் போனில் கூப்பிடுவாள். அம்மாவின் மேல் உள்ள கோபத்தில் வேறு எதுவும் பேச மாட்டாள். "போண்டா என்ன பண்ணுது?" என்று மட்டும் கேட்பாள். அதற்கு அம்மா பதில் சொல்லி முடிக்கும்வரைதான் லைனில் இருப்பாள். அதனால் வாரம் முழுக்க போண்டாவின் விளையாட்டைப் பார்த்துச் சேர்த்து வைக்க வேண்டிய கட்டாயம் இந்த அம்மாளுக்கு. சுற்றிப் பார்த்து இடத்தைப் பழகிக்கொள்கிறது என்றும் சொல்லலாம், அதுவும் உண்மைதான் என்றேன்.

"பயம்னா அவ அழுவா அண்ணே. வூட்ட அளவெடுக்குதுன்னு சொல்லிர்றேன். டைலர் வூட்டு எலி வேற என்ன பண்ணும்?"

கடி

அடுத்த வாரம் செல்வராணி விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். ஆசையாகக் கையை நீட்டினேன், மோந்து பார்த்துவிட்டுக் கடித்துவிட்டது என்று புகார். கையை நீட்டுவதற்கு முன் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். கருவாடு கழுவினாராம்.

அதற்குக் கண் ரொம்ப மட்டம், மூக்கை வைத்துத்தான் பிழைப்பு, விரலைத் தீனி என்று நினைத்திருக்கும் என்றேன். இனிமேல் கையைக் கழுவி, துடைத்து, தரையில் மல்லாத்தி வையுங்கள், அதுவாக ஏறும் என்றும் சொன்னேன். அவருக்கு வலியைவிட ரோஷம்தான் அதிகம்.

"கையக் கழுவு, கையக் கழுவுன்னு கயலக் கத்திக் கத்தியே வளத்தேன். இப்ப ஒரு எலி எனக்குச் சொல்லித் தருது பாருங்க."

பொன்னுக்கு வீங்கி

ஒரு மத்தியானம் செல்வராணி ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் துளை போட்ட டிபன் பாக்ஸ், கண்ணெல்லாம் சிவப்பு. விளையாட விட்ட இடத்தில் போண்டாவின் இரண்டு கன்னமும் திடீரென்று வீங்கிவிட்டதாம். திறந்து பார்த்தேன். தலை உடம்பைவிடப் பெரிதாக இருந்தது. பக்கத்தில் அவருடைய தங்கச் சங்கிலி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கம் போடுவது நம் ஊர் வழக்கம்தானே? கழுத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார், நழுவி நழுவி விழுந்ததாம். பக்கத்தில் இருந்தாலும் கேட்கும் என்று கூடவே வைத்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அந்த அம்மாள் அங்கேயே அழுதிருப்பார். பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தோம். கொஞ்ச நேரத்தில் போண்டா மூலைக்குப் போய், இரண்டு கையாலும் கன்னத்தைத் தள்ளித் தள்ளிக் கக்கியது. வறுத்த கடலை, வறுத்த கடலை, அப்புறம் ஒரு சட்டைப் பட்டன். கிடைத்ததைக் கன்னப் பையில் அடைத்துக்கொண்டு போய் ஒளித்து வைப்பதுதான் அதன் விளையாட்டு. பட்டன், ஊக்கு எல்லாம் தரையில் கிடக்கக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். செல்வராணி சங்கிலியை எடுத்து, முந்தானையில் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப இது வியாதி இல்ல, திருட்டு! ஞாயித்துக்கெழம இதச் சொன்னா சிரிச்சுருவா அண்ணே, கண்டிப்பா சிரிச்சுருவா."

காணோம்

சிரித்தாளாம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் ஷட்டரைத் தூக்கும்போதே செல்வராணி வாசலில் நின்றார். முந்தின நாள் சாயங்காலம் விளையாட விட்டபோது யாரோ அளவு ஜாக்கெட் கொடுக்க வந்திருக்கிறார்கள். எழுந்து போய் வாங்கிவிட்டுத் திரும்பினால் போண்டா இல்லை. அதே நிறத்தில் இன்னொன்று கொடுங்கள், இன்றைக்குப் போன் வரும் என்றார். கூண்டில் அச்சாக அதே மாதிரி ஒன்று இருந்தது. வியாபார புத்திக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் போண்டாவுக்குக் காதில் ஒரு சின்ன வெட்டு உண்டு. அந்தப் பெண் லீவில் வந்த முதல் நிமிடமே கண்டுபிடித்துவிடுவாள்.

கடையைச் சாத்திவிட்டு நானே போனேன். நிலைப்படி ஓரமெல்லாம் அரிசி மாவை மெல்லிசாகத் தூவினோம். எந்தப் பக்கம் போனாலும் கால் பதியும். நடுவில் கொஞ்சம் கடலை வைத்தோம். வேலை முடிந்து கிளம்பப் போகும்போது போன் அடித்தது. செல்வராணி பொய் சொல்வார் என்றுதான் நினைத்தேன். "காணோம்மா. நாந்தான் கவனிக்கல" என்றார், குரல் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பீரோவுக்குப் பின்னால் பார்த்தாயா, மெஷினுக்கு அடியில் பார்த்தாயா என்று விசாரித்தாள், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. அம்மா பதில் சொல்லச் சொல்ல, நீ சாப்பிட்டாயா, ராத்திரி தூங்கினாயா என்று பேச்சு எங்கெங்கோ போனது. நான் வாசலில் போய் நின்றேன். போனை வைத்துவிட்டு செல்வராணி வெளியே வந்தார்.

"நாளைக்கும் கூப்புடுறாளாம் அண்ணே. கெடைக்கிற வரைக்கும் தெனமும் பேசணும்னு வார்டன்கிட்ட அழுது பர்மிஷன் வாங்கப் போறாளாம்."

கிடைத்தது

அந்த வாரக் கடைசியில் செல்வராணி தீனி வாங்க வந்தார். மாவில் பதிந்த காலடி நேராகத் துண்டுத் துணி மூட்டைக்குப் போயிருக்கிறது. உள்ளே கடலையும் நூலுமாக ஜம்மென்று வீடு கட்டி, போண்டா தூங்கிக்கொண்டிருந்ததாம். பிடித்துக் கூண்டில் விட்டு இரண்டு நாளாகிறது. கயல்விழி துள்ளிக் குதித்திருப்பாளே என்றேன்.

செல்வராணி தீனிப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை என்று புரிந்தது. அந்தப் பிள்ளை அங்கே கவலையில் இருக்குமே, பாவம் இல்லையா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது, ஆனால் உதட்டில் சிரிப்பு.

"லீவுக்கு வருவாதானே, கண்ணால பாத்துக்கட்டும் அண்ணே. தேடிக்கிட்டே இருக்கோம்னு சொல்றப்பத்தான் எங்கிட்ட பேசுறா."

ஆக, இந்த வட்டாரத்திலேயே காணாமல் போன எலிக்கு வாரா வாரம் தீனி விற்றுக்கொண்டு, யார் கேட்டாலும் இன்னும் கிடைக்கவில்லை என்று சாதித்துக்கொண்டிருக்கும் ஒரே கடைக்காரன் இப்போது நான்தான்.